வன்னியில் ஒரு பிள்ளையின் மனம் தளரும்போது: வீட்டிலிருந்து கிளினிக் வரை ஒரு வழிகாட்டி

இலங்கையின் வடக்கில், போர் கடைசியாக நடந்து முடிந்த வன்னியில் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருக்கிறார். கிராமத்துக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வருகிறார். பிரதேச செயலகத்துக்குப் போனால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று வரிசையாக மேசைகள். பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவு, பெரிய ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு. ஒரு வீட்டில் பிரச்சினை வந்தால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு துண்டு தெரியும். பள்ளிக்கூடத்துக்கு வரவு தெரியும், ஆஸ்பத்திரிக்கு மருந்து தெரியும், ஜீ.எஸ்.க்கு (கிராம சேவகருக்கு) காணிப் பிரச்சினை தெரியும். முழு வீட்டையும் பார்த்தவர் யாருமில்லை. 16 வயதுப் பிள்ளை ஒரே கதையை நாலு மேசையில் சொல்லிக் களைத்து, ஐந்தாவது மேசைக்குப் போகாமல் விட்டுவிடுகிறது.

அதனால் இந்த வழிகாட்டி கூடப் போகிற ஆளுக்காக எழுதப்படுகிறது. அவரை இங்கே துணை ஆள் என்று சொல்லிக்கொள்வோம். அவர் வைத்தியரோ உளவளத்துணையாளரோ ஆக வேண்டியதில்லை. ஒரு மேசையில் நடந்ததை அடுத்த மேசைக்குச் சரியாகக் கொண்டுபோனால் போதும்.

1. துணை ஆள் யார்?

சித்தி, மாமா, வகுப்பாசிரியர், விளையாட்டுக் கழகத்து அண்ணா, அறநெறி ரீச்சர், பங்குத் தந்தை, யாராகவும் இருக்கலாம். பிள்ளைக்கு அவரிடம் பயம் இருக்கக்கூடாது. மாதத்தில் ஒன்றிரண்டு அரை நாட்களை அவரால் ஒதுக்க முடிய வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். சின்னக் கிராமத்தில் இன்று காலை கிளினிக்குக்குப் போனது பின்னேரம் கடைச் சந்திக்கு வந்துவிடும். மோட்டார் சைக்கிள் இருந்தால் பெரிய உதவி. நெடுங்கேணி, முழங்காவில் பக்கம் ஒரு பஸ்ஸை விட்டால் அன்றைய கிளினிக்கும் போய்விடும்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் தாய் தகப்பனோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். அவர்களை ஒதுக்கிவிட்டு எதையும் தொடங்காதீர்கள். தீங்கே அவர்களிடமிருந்துதான் வருகிறது என்றால் நேராக 7ஆம் படிக்குப் போங்கள்.

2. எதைக் கவனிப்பது

எங்கள் பக்கத்தில் மனக்கஷ்டம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வரும். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிவு, கை கால் விறைப்பு. ஒ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) பனடோல் வாங்கி வாங்கியே ஒரு வருடம் போன பிள்ளைகள் உண்டு. நித்திரையைக் கேளுங்கள்: எத்தனை மணிக்குப் படுக்கிறது, இடையில் விழிக்கிறதா, கனவு கண்டு கத்துகிறதா. சாப்பாடு எப்படி? முன்பு பிடித்த விளையாட்டு இப்போதும் பிடிக்கிறதா? கோபம் கூடியிருக்கிறதா? பொடியன்களில் கவலை பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். அதைக் குழப்படி என்று பெயர் வைத்து அடித்துவிடுகிறோம்.

இவற்றில் சில, கிட்டத்தட்ட எல்லா நாளும், இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் உதவி தேட வேண்டும். பரீட்சை முடிந்ததும் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

நாட்காட்டியையும் பாருங்கள். போர் முடிந்த நினைவு வரும் மே நடுப்பகுதியிலும், மாவீரர் நாள் வரும் நவம்பர் கடைசியிலும் வீடே கனக்கும். தாய் சமைக்காமல் படுத்திருப்பார், தகப்பன் குடித்துவிட்டு வருவார், பிள்ளைக்குக் காரணம் சொல்லப்பட்டிருக்காது. போர் முடிந்த 2009இல் பிறந்த பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சை வயதே கடந்துவிட்டது. ஷெல் சத்தம் அதற்கு நினைவில் இல்லை, ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களின் கையில் வளர்ந்தது. யாழ்ப்பாணத்து உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆட்களோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று நீண்ட காலமாக எழுதி வந்தவர். பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்திவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

3. முதல் கதை

பிள்ளையை எதிரே இருத்தி விசாரணை வைக்காதீர்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, குளக்கட்டில் இருக்கும்போது, மரக்கறி வெட்டும்போது கதை தானாக வரும். கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள்:

“தம்பி, ரெண்டு மூன்று கிழமையா உன்னைப் பார்க்கிறன். பள்ளிக்கூடம் வாறாய், ஆனா ஒருத்தரோடையும் கதைக்கிறாயில்லை. இரவிலை நித்திரை வருதோ?”

பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். “நாங்கள் படாத பாடா?”, “உன் வயதில் நான் பங்கருக்குள்ள இருந்தனான்” என்ற இரண்டு பேச்சும் வேண்டாம். அவை உண்மைதான், ஆனால் பிள்ளை அடுத்த வார்த்தையை விழுங்கிவிடும்.

சாவைப் பற்றிய எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: “பிள்ளை, செத்துப்போனால் நல்லம் எண்டு யோசனை வந்திருக்கோ?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்கப்பட்ட பிள்ளைக்கு அது பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கும். ஓம் என்றால், எப்படிச் செய்ய நினைத்திருக்கிறது, எப்போது, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

“ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். “உன் உயிருக்கு ஆபத்து எண்டால் மட்டும் இன்னொருத்தருக்குச் சொல்லுவன், அதையும் உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்” என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு.

4. அவசரம் என்றால்

சாகத் திட்டம் வைத்திருப்பது, ஏற்கனவே முயன்றது, யாரும் பேசாத குரல் கேட்பது, சில நாட்களாக நித்திரையே இல்லாமல் தலைகால் தெரியாமல் பேசுவது, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடப்பது: இவற்றுக்குக் கிளினிக் நாள் வரும்வரை பொறுக்க முடியாது. பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எதையாவது குடித்திருந்தால், நன்றாக இருக்கிறேன் என்று பிள்ளை சொன்னாலும் கொண்டுபோங்கள். சில நஞ்சுகள் மெல்லத்தான் வேலை செய்யும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். போத்தலையோ பெட்டியையோ கையோடு எடுத்துப் போனால் வைத்தியருக்கு உதவும்.

தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. வழக்குப் போடுவார்களோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வன்னி வயல் ஊர் என்பதால் இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். பயிருக்கு அடிக்கிற மருந்து பல வீட்டில் கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று, இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. அதிக நச்சுள்ள பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு, அடுத்த இருபது வருடங்களில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அந்தக் காலத்தில் ஊருக்குக் கவலை குறைந்துவிடவில்லை. அந்த ஒரு நேரத்தில் கைக்கு எட்டியது கொடியதாக இல்லாமல் போனதுதான் பெரிய காரணம். ஆகவே வீட்டிலும் அதையே செய்யலாம். மருந்தைப் பூட்டுள்ள பெட்டியில் வைத்து, முடிந்தால் வேறொருவர் வீட்டுக்கோ வயல் கொட்டிலுக்கோ மாற்றி, திறப்பைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்கட்டும். வீட்டிலுள்ள குளிசைகளுக்கும் இதே ஏற்பாடுதான். முதல் சில நாட்கள் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வாழ்நாள் முழுக்கக் காவல் இருக்கத் தேவையில்லை. அந்த எண்ணம் பெரும்பாலும் அலையாக வந்து போகும், அந்த நேரத்தைத் தாண்டினால் சரி.

இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1926க்கு எடுங்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர இலக்கம் அது. துணை ஆளும் எடுக்கலாம், நோயாளிதான் எடுக்க வேண்டும் என்றில்லை.

5. வீட்டோடு இருந்து பேசுவது

அவசரம் தணிந்த பிறகு, ஒரு பின்னேரம் வீட்டில் இருந்து ஒரு தாளில் எழுதுங்கள். யார் யார் இங்கே இருக்கிறார்கள், யார் வெளிநாட்டில், யார் இல்லை. எப்போது இடம்பெயர்ந்தார்கள், முகாமில் எவ்வளவு காலம், எப்போது மீள்குடியேறினார்கள். 2012இல் மனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியே வந்த குடும்பமும், 2010இலேயே திரும்பிய குடும்பமும் ஒரே நிலையில் இல்லை. நுண்கடன் எத்தனை இடத்தில்? குடி உண்டா? ஐஸ், கஞ்சா போன்ற போதைப்பொருள் வீட்டுக்குள் வந்துவிட்டதா? அரசின் அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்கிறதா? பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் இருக்கின்றனவா?

கேட்க வேண்டாத கேள்வி போலத் தெரியும், ஆனால் கடன்காரர் கிழமைக்கு ஒரு தடவை படலையில் நிற்கும் வீட்டில், பிள்ளைக்குப் படபடப்பு ஏன் என்று மூளைக்குள் தேடிப் பயனில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர் இருக்கும் வீடு தனி. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் 2017இல் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காகத் தொடர்ந்தது. அந்த வீடுகளில் பிள்ளைகள் பாதித் தாயோடு வளர்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது அநியாயமான பேச்சு. ஆனால் தேடலுக்குள் பிள்ளையின் பரீட்சை, பிறந்தநாள், காய்ச்சல் எல்லாம் சின்ன விடயமாகப் போய்விடுவது நடக்கிறது. தாயிடம் “இனி விடுங்கோ, திவசத்தைச் செய்யுங்கோ” என்று சொல்லாதீர்கள். இறந்தாரா இல்லையா என்று தெரியாத துயரத்துக்கு முடிவுத் திகதி வைக்க வெளியாளுக்கு உரிமையில்லை. தாய் காத்திருக்கட்டும், பிள்ளைக்கென்று கிழமையில் ஒரு பின்னேரமும் இருக்கட்டும் என்று பேசுங்கள். ஆவணத் தேவைக்கு மரணச் சான்றிதழ்தான் வழி என்று யாராவது அழுத்தினால், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம் என்பதை எடுத்துச் சொல்லி, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டார் முதலில் சாத்திரம் கேட்பார்கள், நூல் கட்டுவார்கள், வற்றாப்பளை அம்மனுக்கோ மடு மாதாவுக்கோ நேர்த்தி வைப்பார்கள். அதோடு சண்டை பிடிக்காதீர்கள். கோயிலுக்குப் போகிற அதே கிழமையில் கிளினிக்குக்கும் போகட்டும். கட்டி வைப்பது, அடிப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது இந்த மூன்றுக்கும் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

6. எந்தக் கதவை முதலில் தட்டுவது, கிளினிக் நாள் எப்படி இருக்கும்

படிப்பு, நண்பர், காதல், பரீட்சைப் பயம் போன்றவை பாரமாகி, பிள்ளை இன்னும் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தால், பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடம் தொடங்கலாம். அவர் பாடமும் படிப்பிக்கிறார் என்பதை மறக்காதீர்கள். இடைவேளையில் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு அவரால் எல்லாம் செய்ய முடியாது. பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர் குடும்பப் பிணக்குக்கு நல்ல கதவு. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரைவிட நெருக்கமானவர் வேறில்லை. அவர் ஏற்கனவே வீட்டுக்குள் வருகிறவர், அயல் சனம் கேள்வி கேட்காது. பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வை முதலில் காணக்கூடியவரும் அவர்தான்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, சாப்பாடு, படிப்பு குலைந்திருந்தால் சுற்றி வளைக்காமல் உளநலக் கிளினிக்குக்குப் போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் கேட்கலாம். வைத்தியர்கள் சில நாட்களில் வெளிக் கிளினிக்குகளுக்கும் போவதால், உங்களுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று முதலில் விசாரியுங்கள். அரச ஆஸ்பத்திரியில் பார்ப்பதும் மருந்தும் இலவசம்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழ் பிரதி, பழைய மருந்துத் துண்டுகள், பாடசாலை எழுதித் தந்த குறிப்பு, தண்ணீர், சாப்பாடு. காலையில் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டிவரும். வாங்கில் ஊர்ச்சனம் கண்டுவிடுமே என்று பிள்ளை கூசும். “தலையிடிக்கு வந்தனாங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். எல்லாருக்கும் எல்லாம் சொல்ல வேண்டும் என்ற கடன் யாருக்கும் இல்லை.

துணை ஆள் ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரி முன்பே எழுதிவைத்திருக்கட்டும்: எப்போது தொடங்கியது, என்ன மாறியது, சாகும் எண்ணம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, என்ன மருந்து குடிக்கிறது. வைத்தியருக்கு உங்களுக்குத் தரச் சில நிமிடங்கள்தான் இருக்கும். இந்தத் துண்டு அந்த நிமிடங்களை இரட்டிப்பாக்கும். பிள்ளை வைத்தியரோடு தனியே கதைக்க விரும்புகிறதா என்று கேட்டு, ஓம் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

மருந்து தந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது வேலை செய்யத் தொடங்கும், என்ன பக்கவிளைவு வரலாம், எப்போது திரும்ப வர வேண்டும். மனச்சோர்வு மருந்து பொதுவாக இரண்டு முதல் நாலு கிழமைக்குப் பிறகுதான் பலன் காட்டும். வாய் காய்வதும் வயிற்றைப் பிரட்டுவதும் முன்னுக்கு வரும், சுகம் பின்னால் வரும். அதனால்தான் முதல் பெட்டியோடு விட்டுவிடுகிறார்கள். இளம் பிள்ளைகளில் முதல் கிழமைகளில் பதற்றமோ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகமானதும் தானாக நிறுத்தக்கூடாது. பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையைக் குடிக்கவும் கூடாது.

7. துஷ்பிரயோகம் நடந்திருந்தால்

இங்கே துணை ஆளின் வேலை மாறுகிறது. பிள்ளை சொன்னதை ஒருதரம் கேளுங்கள், நம்புங்கள், அது சொன்ன சொல்லிலேயே எழுதிவையுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், அது விசாரிக்கப் பயிற்சி பெற்றவரின் வேலை. 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம், இரவிலும் இயங்கும். பிரதேச செயலகச் சிறுவர் உத்தியோகத்தரிடமோ பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவிலோ நேரே சொல்லலாம். தாய்க்கும் அடி என்றால் பெண்களுக்கான 1938 இலக்கமும், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பெறக்கூடிய பாதுகாப்புக் கட்டளையும் உண்டு.

ஊருக்குள் பேசித் தீர்க்கலாம் என்று பெரியவர்கள் கூடுவார்கள். 15 வயதுப் பிள்ளையைக் கெடுத்தவனுக்கே கட்டிவைப்பது, காசு வாங்கி முடிப்பது எல்லாம் தீர்வாகச் சொல்லப்படும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தது என்பது சட்டத்தில் செல்லாது. இந்தக் கூட்டத்தில் மரியாதைக்காகக்கூடப் போய் இருக்காதீர்கள்.

8. அலுவலகங்களைக் கோர்ப்பது

ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, எந்த அலுவலகம், எந்தப் பதவியில் இருப்பவர், என்ன சொன்னார், அடுத்தது எப்போது. புதிய மேசையில் பிள்ளை கதையை முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக, பிள்ளையின் சம்மதத்தோடு நீங்கள் கொப்பியைப் பார்த்துச் சுருக்கமாகச் சொல்லுங்கள். எல்லாருக்கும் எல்லாம் தேவையில்லை. அதிபருக்கு வேண்டியது “வைத்திய ஆலோசனையில் இருக்கிறார், புதன்கிழமை வரமாட்டார்” என்பது மட்டும்தான்.

இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டத் தொடங்கினால், பிரதேச செயலகத்தில் சிறுவர் அபிவிருத்திக் குழுக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். சிறுவர் உத்தியோகத்தர், நன்னடத்தை, கல்வி, சுகாதாரம், பொலிஸ் தரப்புகள் ஒரே மேசைக்கு வரும் இடம் அது. உங்கள் பிள்ளையின் விடயத்தைப் பெயர் பரவாத முறையில் அங்கே எடுக்கச் சொல்லலாம். கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கினால் பதில் வர வாய்ப்புக் கூட. வாயால் சொன்னது இடமாற்றத்தோடு போய்விடும். எங்கள் பக்கத்தில் உத்தியோகத்தர் அடிக்கடி மாறுவார்கள், கொப்பிக்கு அதுவும் ஒரு காரணம்.

9. திரும்பப் பள்ளிக்கூடம், அல்லது வேலை

5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் இடைவிலகிய பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்று பாடசாலை சொல்ல முடியாது. ஆனால் சட்டத்தைக் காட்டி வாசலில் நிற்பதைவிட, வகுப்பாசிரியரோடு முதலே பேசுவது நல்லது. முதல் கிழமை அரை நாள், நண்பனுக்குப் பக்கத்தில் இருக்கை, “எங்க போனனீ இவ்வளவு நாளும்?” என்று வகுப்பில் யாரும் கேட்காதபடி ஒரு ஏற்பாடு. வருடம் பின்தங்கினாலும் சாதாரண தரத்தைத் திரும்ப எழுதலாம்.

புத்தகம் பிடிக்காத பிள்ளையை உயர்தரத்துக்குத் தள்ளி உடைக்காதீர்கள். தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வெல்டிங்கோ மோட்டார் வேலையோ கற்கும் பொடியனுக்கு, காலையில் எழும்பிப் போக ஓர் இடம் இருப்பதே பாதி மருந்து. மிச்சப் பாதிக்கு கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம்.

10. துணை ஆளுக்கு

உங்களுக்கும் நித்திரை கெடும், சிலவேளை உங்கள் பழைய நினைவுகளும் கிளம்பும். மாதம் ஒருமுறையாவது உளவளத்துணை உத்தியோகத்தரோடு உங்களைப் பற்றியும் கதையுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு வரும் அழைப்புகளுக்கு உங்களோடு இன்னொருவரையும் ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் மூன்று மாதத்தில் போனைக் கண்டாலே எரிச்சல் வரும்.

விலக வேண்டி வந்தால், வேலை மாற்றமோ வெளிநாட்டுப் பயணமோ, ஒரு மாதத்துக்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லுங்கள். அடுத்த ஆளைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். மூன்று பேருமாக ஒரு கிளினிக் நாள் போய் வாருங்கள். கொப்பியைப் புதியவர் கையில் கொடுங்கள். பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் அதைப் பிள்ளையிடமே கொடுத்து, யாருக்குக் காட்டுவது என்பதை அதனிடமே விட்டுவிடுங்கள்.